ஊர்ப் பொதுவுக்கு அழுவார் யார்?

காஞ்சிபுரத்தாருக்கு வெள்ளம் புதிய சமாசாரம் அன்று. அந்த நகரத்தின் பெரிய ஸ்தல புராணங்களில் இரண்டு, வெள்ளத்தை வைத்தே எழுந்தவை. ஏகாம்பரநாதர் சந்நிதிக்குப் போனால், மாமரத்தடியில் மணலைப் பிடித்து லிங்கமாக்கிப் பூஜை செய்துகொண்டிருந்த அம்பிகையைச் சோதிக்கும் பொருட்டுச் சிவபெருமான் கம்பை நதியைப் பெருகி வரச் செய்தார் என்றும், மணல் கரைந்து போகாதபடி அம்பிகை அதை இரு கைகளாலும் தழுவிக்கொண்டாள் என்றும் சொல்லுவார்கள். திருவெஃகாவுக்குப் போனால் வேறு கதை. பிரமதேவர் தம்மை விட்டுவிட்டு யாகம் தொடங்கினார் என்று சரஸ்வதி தேவிக்குக் கோபம். வேகவதி ஆறாகப் பாய்ந்து வந்து யாகசாலையை அடித்துக்கொண்டு போகப் பார்த்தாள். மகாவிஷ்ணு ஆற்றின் குறுக்கே அணையாகப் பள்ளி கொண்டு அதைத் தடுத்தார்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு வேற்றுமை புலனாகிறது. தனக்கு உயிரான பொருளை மார்போடு அணைத்துக் காப்பது ஒன்று. பலருக்கும் பொதுவான காரியம் கெடாமல் குறுக்கே படுத்துக்கொள்வது மற்றொன்று. வெள்ளம் வரும்போது முதற் காரியத்தை நாம் எல்லோருமே செய்கிறோம். பெட்டியையும் பத்திரத்தையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடுகிறோம். அதில் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டாவது காரியத்துக்குத்தான் ஆள் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளம் வருகிறபோது மட்டுமல்ல. வடிந்து வெயில் அடித்து, ஜனங்கள் பாயையும் தலையணையையும் உலர்த்தி முடித்த பிறகும் தேட வேண்டியிருக்கிறது.

2015-ஆம் வருஷத்து மழையை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் முதல் தேதி காலைக்கும் மறுநாள் காலைக்கும் இடையே தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டரும் பெய்தது. அப்போது காஞ்சிபுரம் ஜில்லா இன்றுள்ளதைவிடப் பெரியது. செங்கற்பட்டு அதனின்று பிரிந்தது 2019-இல்தான். அந்தப் பழைய ஜில்லாவுக்கு வடகிழக்குப் பருவ மழை வழக்கமாக 64 சென்டிமீட்டர். அந்த வருஷம் 180-க்கு மேல் கொட்டிவிட்டது. மூன்று வருஷத்து மழை மூன்று மாதத்துக்குள் வந்து சேர்ந்தது என்றால் பொருந்தும். தமிழ்நாட்டில் 400 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். சென்னைப் பட்டணத்தின் துன்பத்தைத் தேசம் முழுவதும் படம் பிடித்துப் பார்த்தது. பட்டணத்துக்குத் தண்ணீர் அனுப்பி வைத்த ஜில்லாவின் துன்பம் அவ்வளவாகப் படத்தில் விழவில்லை.

பிறகு 2021 நவம்பர். பாலாற்றைப் பற்றி ஒரு பரிகாசம் உண்டு: பேரில்தான் பால் இருக்கிறது, ஆற்றில் தண்ணீர்கூட இல்லை என்பார்கள். அந்த மாதத்தில் அதே பாலாற்றில் வினாடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் போயிற்று. வாலாஜாபாத்துக்கும் அவளூருக்கும் இடையே உள்ள தரைப்பாலம் சேதமடைந்து போக்குவரத்து நின்றது. எதிர்க்கரையில் விளக்கு எரிவது இங்கிருந்து தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர வெகுதூரம் சுற்ற வேண்டும். பிரசவ வேதனைப்படும் பெண்ணுக்கும், கல்லூரிக்குப் போகும் பையனுக்கும், கறிகாய்க் கூடைக்காரிக்கும் அந்தச் சுற்று என்ன விலை என்பதை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதுவதில்லை.

வெள்ளத்துக்குப் பிறகு சர்க்கார் கணக்கெடுக்கிறது. 2015-இல் வெள்ளம் புகுந்த வீடுகளுக்குக் குடும்பத்துக்கு 5,000 ரூபாயும், குடிசை இழந்தவர்களுக்கு 10,000 ரூபாயும், அரிசியும் வேஷ்டி சேலையும் கொடுத்தார்கள். பையன்களின் சர்டிபிகேட்டுகள் நனைந்து போனதற்கு முகாம் வைத்து இலவசமாக மறுபிரதி கொடுத்தார்கள். இவையெல்லாம் நல்ல காரியங்கள். குறை சொல்ல நாம் முன்வரவில்லை. ஆனால் இந்த முறையில் ஒரு விசேஷத்தைக் கவனிக்க வேண்டும். நஷ்டம் அடைந்தவன் ஒருவன் இருந்து, அவன் வாசலில் நின்று, "என் வீடு போயிற்று" என்று சொன்னால்தான் நஷ்டம் கணக்கில் ஏறுகிறது. வாய்க்கால் யார் வாசலில் நின்று அழும்? ஏரிக்கரைக்கு ரேஷன் கார்டு உண்டா?

இப்படி அழுவாரின்றிக் கிடக்கும் சொத்துக்கள் ஓர் ஊரில் எத்தனையோ! குழந்தைகளின் அங்கன்வாடி, நூல்நிலையம், பெண்களுக்கான பொதுக் கழிப்பிடம், மயானத்துக்குப் போகும் பாதை, குடிதண்ணீர்க் கிணறு. பள்ளிக்கூடத்தின் நிலைமை இன்னும் விசித்திரம். மழை வந்ததும் ஊரில் முதலில் நினைவுக்கு வரும் கட்டிடம் அதுதான். வீடிழந்தவர்களை அங்கே கொண்டு போய் வைக்கிறோம். 2015-இல் காஞ்சிபுரம், சென்னை, திருவள்ளூர் ஜில்லாக்களில் பள்ளிக்கூடங்கள் வாரக் கணக்கில் மூடிக் கிடந்தன. அரையாண்டுப் பரீட்சையை ஜனவரிக்குத் தள்ளிப் போட்டார்கள். அடைக்கலம் கொடுத்த பள்ளிக்கூடத்தின் பெஞ்சுகளும் கரும்பலகையும் பிறகு என்ன ஆயின என்று விசாரிக்க யாருக்கு நேரம் இருந்தது?

குடிதண்ணீர் விஷயம் வேறு ஒரு வேடிக்கை. காஞ்சி நகரத்துக்குத் தண்ணீர் வருவது பெரும்பாலும் பாலாற்று மணலுக்கு அடியிலிருந்து. ஓரிக்கையிலும் திருப்பாற்கடலிலும் ஆற்றில் கிணறுகள் இருக்கின்றன. ஆற்றில் வெள்ளம் புரண்டால் அந்தக் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் மின்சாரக் கம்பங்களுக்கும் ஆபத்து. ஊரெல்லாம் தண்ணீர், குடத்தில் மட்டும் இல்லை என்ற நிலைமை இப்படித்தான் உண்டாகிறது.

இனி நெசவாளர் வீதிக்குப் போவோம். காஞ்சிபுரத்தில் வெள்ளம் என்ன செய்யும் என்பது அங்கே தெரிகிற மாதிரி வேறெங்கும் தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், கூடத்தில் பாதியைத் தறி அடைத்துக்கொண்டிருக்கும். தறிக்குக் கீழே தரையில் ஒரு குழி. நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்து, குழிக்குள் கால்களைத் தொங்கவிட்டு, மிதிகளை மாற்றி மாற்றி மிதிக்கிறார். குழியிலிருந்து வரும் குளிர்ச்சி பட்டிழைக்கு நல்லது, இழை சுலபத்தில் அறாது என்று சொல்லுவார்கள். ஆனால் எந்த ஈரம் இழையைக் காக்கிறதோ அதே ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எமனாகிவிடுகிறது. பெருமழைக்குத் தண்ணீர் வாசற்படி ஏறி வர வேண்டும் என்பதில்லை. பூமியிலிருந்தே குழிக்குள் ஊறி வந்துவிடும். பாவு தொய்யும், மரம் உப்பும், சரிகை கறுக்கும். வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் ஏறவில்லை என்றால் நிவாரணக் கணக்கில் அந்த வீடு தப்பித்த வீடு. ஆனால் குழிக்குள் ஒரு முழத் தண்ணீர் நின்றால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைக்குக் கூலி இல்லை. அது வற்றிக் குழி உலரும் வரையில் கூலி இல்லை. பட்டும் சரிகையும் பெரும்பாலும் கூட்டுறவுச் சங்கத்துடையவை அல்லது முதலாளியுடையவை. தறியும் குழியும் பசியும் நெய்பவருடையவை.

வீட்டுக்குள் இருக்கும் தறி ஒருவருடைய சொந்தச் சொத்துத்தானே, ஊர்ப் பொதுவைப் பற்றிப் பேசுகிற இடத்தில் அது ஏன் வந்தது என்று நேயர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. தறி வீட்டுக்குள் இருந்தாலும் நெசவு வீட்டுக்குள் முடிவதில்லை. மூன்று நான்கு புடவைகளுக்கு வேண்டிய பாவு என்றால் இருபது கஜத்துக்கு மேல் நீளம். அதை நீட்டிக் கட்டி, இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, விறைப்பாக்கிச் சுற்றுவதற்கு எந்த வீட்டுக் கூடம் போதும்? விடியற்காலையில் வீதியில்தான் அதைச் செய்ய வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து கை கொடுக்க வேண்டும். நெசவாளருக்கு வீதி என்பது போக வர உள்ள வழி மட்டுமல்ல. கூரையில்லாத தொழிற்சாலை அது. அங்கே சேறும் குழியுமாகக் கிடந்தால், வீட்டுக்குள் எவ்வளவு உலர்ந்த தறி இருந்தும் பயன் இல்லை. நமது வீடுகளில் கல்யாணப் பெண்கள் உடுத்தும் கூறைப் புடவையில், காஞ்சியின் ஏதோ ஒரு வீதியின் காலை வெயில் கொஞ்சம் பட்டிருக்கிறது என்பதை அதை மடித்து வைக்கும் தாய்மார்கள் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த வீதியை வெள்ளத்துக்குப் பிறகு எப்படிச் சீர் செய்கிறோம்? பழைய ரஸ்தாவின் மேலேயே ஜல்லியையும் தாரையும் கொட்டி உருளையை ஓட்டிவிட்டுப் போகிறோம். பார்ப்பதற்குக் கறுப்பாகப் பளபளவென்று ஜோராக இருக்கும். திறப்பு விழா, மாலை, போட்டோ எல்லாம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ரஸ்தா கொஞ்சம் உயருகிறது. வீடு உயருவதில்லை. முதலில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குப் பத்து வருஷம் கழித்து இரண்டு படி இறங்கிப் போகிறோம். ஏற்கெனவே தரைக்குக் கீழே இருக்கும் தறிக்குழி, ரஸ்தா மட்டத்துக்கு இன்னும் கீழே போய்விடுகிறது. அடுத்த மழையில் வீதித் தண்ணீருக்கு வீட்டைவிடத் தாழ்ந்த இடம் வேறு கிடைப்பதில்லை. சீர்திருத்தம் செய்தே ஒரு வீட்டை முழுக அடிப்பதென்றால் இதுதான். 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைக் காரியதரிசியாக இருந்த ஸ்ரீ இறையன்பு, பழைய தார் அடுக்கைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று உத்தரவு அனுப்பினார். நல்ல உத்தரவு. உத்தரவு வீதிக்கு வந்து சேர்ந்திருக்கிறதா என்று அறிய விரும்புவோர் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு தம் வீட்டு வாசற்படியை அளந்து பார்க்கலாம்.

ரஸ்தாவுக்கு அடுத்தது வாய்க்கால். நகரத்தில் பெய்யும் மழையை வெளியேற்றுவதற்கு மஞ்சள்நீர்க் கால்வாய் என்று ஒன்று இருக்கிறது. பெயர் மங்களகரமானது. நகரத்துக்குள் ஓடித் தண்ணீரை நத்தப்பேட்டை ஏரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் உத்தியோகம். மழைக்காலத்துக்கு வெளியே அதற்குள் மழைத் தண்ணீர் தவிர மற்ற எல்லாம் ஓடுகின்றன என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். சாப்பாட்டு வேளையில் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? விஷயம் என்னவென்றால், வெள்ளத்துக்குப் பிறகு ரஸ்தாவுக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு பங்கு இந்த மாதிரி கால்வாய்களுக்குப் போனால், ரஸ்தாவுக்கு அடுத்த தடவை அவ்வளவு செலவிராது. ஆனால் தூர் வாரிய கால்வாய்க்கு யாரும் திறப்பு விழா நடத்துவதில்லை. வாரிய மறு வருஷமே அது பழையபடி தூர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

வெளியூர் ஏரிகளின் சங்கதி இதைவிடப் பெரியது. ஜில்லா பிரிந்த பிறகும் காஞ்சிபுரம் ஜில்லாவில் சர்க்கார் பராமரிப்பிலுள்ள பெரிய ஏரிகள் மட்டும் 380-க்கு மேல் இருக்கின்றன. இந்த ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் அல்ல. மேலே உள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் கீழ் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கும் கீழே. ஒரு குடும்பத்தில் அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி தண்ணீர் இறங்கி வரும். ஆகையால் ஒரு கரை உடைந்தால் சேதம் அந்த ஊரோடு நிற்பதில்லை. இரண்டு ஏரித் தண்ணீரும் ஒரே சமயத்தில் மூன்றாவது ஏரிமேல் மோதும். அதேபோல் ஒரு போக்குக்கால் அடைபட்டால், அடைத்த ஊர் ஒன்று, முழுகும் ஊர் வேறொன்று. நெதர்லாந்து தேசத்தில் கடலுக்கும் ஆற்றுக்கும் கரை காக்க நீர் வாரியங்கள் 13-ஆம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. அங்குள்ள ஜனங்கள் அதற்குத் தனியாக வரி கொடுத்து, தனியாகத் தேர்தல் நடத்தி, அங்கத்தினர்களை அனுப்புகிறார்கள். 1953-இல் கடல் பொங்கி 1,800 பேருக்கு மேல் மாண்ட தேசம் அது. கரை என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும்.

நாம் அவர்களிடம் பாடம் கேட்க வேண்டுமென்று சொல்லவில்லை. நம்மிடமே இருந்த பாடம் அதைவிட முன்னூறு வருஷம் பழையது. காஞ்சியிலிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். அங்கே முதற் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், சபையார் கூடி வகுத்த விதிகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறு பிள்ளையைக் கொண்டு எடுக்கச் சொன்ன குடவோலை முறையைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகள்கூட ஒப்பிப்பார்கள். ஆனால் அந்த ஓலையில் தேர்ந்தெடுத்தது எதற்காக என்று ஒப்பிப்பவர்கள் குறைவு. தோட்டத்துக்கு 12 பேர். ஏரிக்கு 6 பேர். ஏரி வாரியம் என்றே அதற்குப் பெயர். உத்தியோக காலம் 360 நாள்.

இந்த ஏற்பாட்டை மட்டுக்கு மீறிப் புகழ வேண்டாம். நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ள ஆண்களுக்கு மட்டுமே அந்தக் குடத்தில் இடம் இருந்தது. ஏரியில் இறங்கி மடையைத் திறந்த நீர்க்கட்டிக்கும், கரைக்கு மண் சுமந்த பெண்ணுக்கும் ஓலை கிடையாது. அந்தக் காலம் அப்படி. ஆனால் ஒரு விதி மட்டும் நம்மை மிகவும் கவர்ந்தது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவனுக்கு மறுபடி இடமில்லை. அவனுக்கு மட்டுமா? அவனுடைய மாமனார், மைத்துனர், மருமகன், சகோதரி புருஷன் முதலிய சுற்றத்தார் எல்லோருக்கும் இடமில்லை! ஏரிக்குத் தூர் வாரும் காண்டிராக்டுக்கு இன்றைக்கு இந்த ஒரு விதியை அமல் செய்தால் என்ன நடக்கும் என்று கற்பனை செய்து பார்த்தோம். டெண்டர் திறக்கிற தினத்தில் பெட்டி காலியாக இருக்குமோ என்று பயமாயிருக்கிறது.

அந்தக் காலத்தார் ஏரியை வெட்டியதோடு விடவில்லை. ஏரிக்குள் ஓடம் விட்டு, வண்டலை வாரிக் கரைமேல் கொட்டுவதற்கென்றே பொன்னும் நிலமும் எழுதி வைத்த செய்திகள் தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. கோயிலில் விளக்கெரிக்க நிலம் விட்டவர்கள், ஏரியில் சேறு வாரவும் நிலம் விட்டார்கள். விளக்கும் சேறும் அவர்களுக்கு ஒரே தர்மமாகத் தோன்றியிருக்கிறது.

பிறகு யுத்தம் வந்தது, பஞ்சம் வந்தது, கும்பினியார் வந்தார்கள். 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பில் காஞ்சியைச் சுற்றியுள்ள பிரதேசம் பட்ட பாடு சரித்திரத்தில் இருக்கிறது. அதன் பிறகு இங்கே கலெக்டராக வந்தவர் லயனெல் பிளேஸ் என்ற துரை. 1794 முதல் நாலைந்து வருஷம் இருந்தார். பாழடைந்த ஏரிகளைப் பழுது பார்ப்பதில் தீவிரமாக முனைந்தவர். மதுராந்தகம் ஏரிக்கரை உடையும் நிலையில் இருந்த ஒரு மழை இரவில், வில்லேந்திய இரண்டு வீரர்கள் கரைமேல் காவல் நிற்பதை மின்னல் வெளிச்சத்தில் அவர் கண்டார் என்றும், கரை நின்றதும் வேண்டிக்கொண்டபடி தாயார் சந்நிதியைத் திருப்பணி செய்து கொடுத்தார் என்றும் கதை. ஏரி காத்த ராமர் என்று அந்தப் பெருமாளுக்கு அன்று முதல் பெயர். துரையின் பெயர் பொறித்த கல் இன்றும் சந்நிதியில் இருக்கிறது. கதையை நாம் நம்புகிறோமா என்று கேட்டால், ராம லக்ஷ்மணர் நின்றதை நம்பத் தடையில்லை. அதற்கு முன்னால் வெயிலில் கூடை கூடையாக மண் சுமந்து கரையை உயர்த்தியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லையே என்பதுதான் நமக்கு வருத்தம்.

அப்படி மண் சுமப்பதற்குக் குடிமராமத்து என்று பெயர். ஏரிப் பாசனம் பெறும் ஒவ்வொரு வீட்டாரும் வருஷத்துக்கு இத்தனை நாள் ஏரி வேலைக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்பது வழக்கம். 1858-இல் வெள்ளைக்கார சர்க்கார் இதை ஒரு சட்டமாகவே இயற்றியது. வழக்கமாக இருந்தபோது நடந்த காரியம், சட்டமான பிறகு மெள்ள மெள்ள நின்று போயிற்று. ஏரியையும் வரியையும் சர்க்கார் எடுத்துக்கொண்டு, சேற்றை மட்டும் ஜனங்களுக்கு விட்டால் யார்தான் வருவார்கள்? 2017 மார்ச்சு மாதத்தில் தமிழ்நாடு சர்க்கார் அந்தப் பழைய பெயரைத் தூசி தட்டி எடுத்து, 100 கோடி ரூபாய்த் திட்டமாகக் குடிமராமத்தை இதே ஜில்லாவில் மணிமங்கலம் ஏரியில் ஆரம்பித்து வைத்தது. ஆயக்கட்டுக்காரர்களின் சங்கங்களே வேலையை எடுத்துச் செய்யலாம் என்பது ஏற்பாடு. உண்மையான சங்கம் இருந்த ஊரில் வேலை உண்மையாக நடக்கும். பெயருக்குச் சங்கம் கூடிய ஊரில் வேலையும் பெயருக்குத்தான் நடக்கும். சங்கத்தின் கணக்கை ஏரிக்கரையில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்பது நம்முடைய சிறு யோசனை. கல்லில் வெட்ட வேண்டாம். சுண்ணாம்பு எழுத்தே போதும்.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி. இனிச் சொல்வது அப்படி அல்ல.

தாமல் ஏரிப் பக்கத்திலிருந்து வந்து காஞ்சி நகரத்தை ஒட்டிச் சென்று பாலாற்றில் சேரும் வேகவதி, மகாவிஷ்ணுவே குறுக்கே படுத்துத் தடுக்க வேண்டியிருந்த வேகவதி, இன்று பல மாதங்கள் சாக்கடையாகவே காட்சியளிக்கிறது. அதன் இரு கரைகளிலும், சில இடங்களில் ஆற்றுக்குள்ளேயும், வீடுகள் எழுந்துவிட்டன. ஆறு குறுகினால் வெள்ளம் உயரும். வெள்ளம் உயர்ந்தால் முதலில் முழுகுவது அந்த வீடுகளே, அடுத்தபடி நகரம். 2015 மழைக்குப் பிறகு ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும் என்ற குரல் பலமாக எழுந்தது. நகரத்துக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் 2,000-க்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளைச் சர்க்கார் கட்டியது. ஆற்றோரத்துக் குடும்பங்களை அங்கே குடியேற்றுவதென்று தீர்மானம். பலர் போகத் தயங்கினார்கள்.

உடனே நம்மில் சிலருக்குக் கோபம் வருகிறது. "இலவசமாக வீடு கொடுத்தும் போக மாட்டேன் என்கிறார்களே! இவர்களால் அல்லவா ஊர் முழுகுகிறது!" என்கிறோம். ஏரியை மனையாக்கி விற்றவரிடமும் வாங்கியவரிடமும் நமக்கு இவ்வளவு கோபம் வருவதில்லை. அவர்கள் வீட்டுக்கு மதிற்சுவரும் பத்திரமும் இருக்கின்றன. ஆற்றோரத்தில் இருப்பவர்கள் ஊருக்கு வேண்டாதவர்கள் அல்லர். பட்டுக்குச் சாயம் தோய்ப்பவர், தறியில் துணைக்கு உட்கார்ந்து கோர்வைக்கு நாடா தள்ளுபவர், நமது வீடுகளில் பாத்திரம் துலக்குபவர், சந்தையில் மூட்டை தூக்குபவர் இப்படிப்பட்ட இடங்களில்தான் குடியிருக்க முடிகிறது. வேலை ஊருக்குள் இருக்கிறது, ஊருக்குள் வாடகை எட்டவில்லை, ஆற்றோரம் எட்டுகிறது. அவர்களை அகற்றாமல் ஆற்றை மீட்க முடியாது என்பது உண்மை. அகற்றுகிறபோது அவர்களுடைய பிழைப்பு அவர்களோடு வராவிட்டால், அவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்பதும் உண்மை.

தறி வைத்திருக்கிற குடும்பத்தின் விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாடி வீட்டில் குழி தோண்ட முடியுமா? மூன்றாவது மாடியில் குழி தோண்டினால் இரண்டாவது மாடிக்காரர் கூரையில் கால்கள் தொங்கும்! குழியில்லாமல் இரும்புச் சட்டத்தின் மேல் உயர்த்தி வைக்கும் தறிகள் இருக்கின்றன. ஆனால் அதற்குத் தக்கபடி உயரமும் நீளமும் உள்ள கூடம் வேண்டும். படுத்துறங்கவும் சமைக்கவும் குழந்தை தவழவும் வேண்டிய சிறிய வீட்டில் தறியை எங்கே நிறுத்துவது? பாவை எந்த மாடிப்படியில் நீட்டுவது? இருபது கஜ வீதியைக் கொடுத்து வைத்தவர்களுக்கு நாம் ஒரு கதவு இலக்கத்தைக் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அதே கீழ்க்கதிர்ப்பூரில் பேரறிஞர் அண்ணாவின் பெயரால் கைத்தறிப் பட்டுப் பூங்கா ஒன்றும் அமைந்திருக்கிறது. வீடு கட்டிய இலாகா ஒன்று, பூங்கா அமைத்தவர்கள் வேறு. இரண்டு இடமும் ஒரே கிராமத்தில் இருப்பதைப் பார்த்தும், இரண்டையும் சேர்த்து நினைப்பதற்கு ஒருவரும் இல்லாமற்போக வேண்டுமா? குடிவருகிற நெசவுக் குடும்பங்களுக்கென்று அங்கே ஒரு பொதுத் தறிக்கூடம், வெள்ளம் எட்டாத மேட்டில், உயரமான கூரையோடு, அதன் பக்கத்தில் பாவு நீட்டக் கல் பாவிய நிழல் வீதி ஒன்று, காலையிலும் மாலையிலும் ஊருக்குப் போய் வர பஸ், குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம். ஒரு தரைப்பாலத்தை இரண்டு மழைக்கு இரண்டு தடவை ஒக்கிடுகிற செலவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்க இலாகா எஞ்சினியர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தறிக்கூடத்தை நிர்வகிக்க ஆறு பேர் போதும். நெய்பவர்களிலிருந்தே ஆண்களும் பெண்களுமாகத் தேர்ந்தெடுக்கட்டும். மைத்துனர் விதியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் கூடத்துக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டால், தை மாதத்து முகூர்த்தப் புடவைகளில் சிலவாவது அங்கே தறியேறலாம்.